சட்டைப் பைக்குள் கை விடாத நாள்: குழந்தையின் கள்ளமின்மை கரைவதைப் படிமத்தில் எழுதுவது

எனக்கு ஒன்பது வயது இருக்கும். மத்தியானம் பாட்டி கண்ணயரும்போது அவளுடைய மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வேன். தடித்த கண்ணாடி. மாட்டியதும் தரை சரியும், சுவர் என் பக்கம் வளைந்து வரும். கைகளை விரித்துக்கொண்டு, ஆடும் கப்பலில் நடப்பவள் போல அறையைக் குறுக்காகக் கடப்பேன். பாட்டி கண்ணைத் திறக்காமலே, "கழட்டுடி, கண்ணு கெட்டுப்போயிடும்" என்பாள். அதைக் கேட்பதற்காகவேதான் மாட்டினேனோ என்று இப்போது தோன்றுகிறது.

பாட்டி போன மறுவாரம், மேசைமேல் கிடந்த அதே கண்ணாடியை எடுத்து மாட்டினேன். தரை சரிந்தது. சுவர் வளைந்தது. அறையின் அந்தக் கோடி வரை நடந்துபோய்விட்டேன். யாரும் கழட்டச் சொல்லவில்லை.

அழுததாக நினைவில்லை. கண்ணாடியைப் பாவாடையில் துடைத்து, காதுக்கம்பிகளை மடக்கி, கூட்டுக்குள் வைத்து மூடினேன். சாவைப் பற்றி அந்த ஒரு வாரமாகப் பெரியவர்கள் சொன்ன எதுவும் எனக்குள் இறங்கியிருக்கவில்லை. அந்தப் பத்தடி நடையில் இறங்கிவிட்டது.

சிறுகதை எழுத வந்து பல வருடம் ஆன பிறகுதான் இந்த நினைவுக்குள் ஒரு செய்முறையே இருப்பதைக் கவனித்தேன். குழந்தை ஒன்று தன் கள்ளமின்மையை இழக்கும் கணத்தை எழுத நினைப்பவர்களுக்கு அதைத்தான் சொல்லப்போகிறேன். குழந்தை ஏற்கெனவே கையாண்டு விளையாடிய ஒரு பொருளை எடுங்கள். அதைக் கதையில் இரண்டாவது முறை கொண்டுவாருங்கள். பொருளில் எந்த மாற்றமும் செய்யாதீர்கள். குழந்தை அதை வைத்துச் செய்யும் காரியம் மட்டும் மாறட்டும்.

இந்த முறை நமக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 112ஆம் பாட்டு, பாரி மகளிர் பாடியது, ஐந்தே அடி. 'அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின் எந்தையும் உடையேம், எம்குன்றும் பிறர்கொளார்' என்று தொடங்கி, 'இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்' குன்றும் போனது, தந்தையும் இல்லை என்று முடிந்துவிடுகிறது. இரண்டு முறையும் நிலவு வெண்ணிலவுதான். தந்தையை இழந்த பெண்கள் பாடுகிறார்களே என்று நிலவை மங்க வைக்கவில்லை, மேகத்தில் மறைக்கவில்லை. அன்றைக்கு எப்படிக் காய்ந்ததோ அப்படியே இன்றைக்கும் காய்கிறது. நம்மை அறுப்பது அதுதான். எழுதுகிறவர்கள் இந்த ஐந்து அடியையும் ஒருமுறை கையால் எழுதிப் பார்க்க வேண்டும். 'அவ்' என்பது 'இவ்' ஆவதைத் தவிர நிலவில் எதுவும் நகரவில்லை என்பது எழுதும்போதுதான் விரலுக்குத் தெரியும்.

எழுத உட்காரும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் குழந்தை எதைத் தெரிந்துகொள்ளப் போகிறது? 'கள்ளமின்மை போய்விடுகிறது' என்று மொத்தமாகச் சொன்னால் அதற்கு ஒரு பொருளையும் தேட முடியாது. நான் வாசித்தவரையில் இது பெரும்பாலும் மூன்று விதமாக வருகிறது. ஒன்று, சாவு உண்டு என்று தெரிவது. இரண்டாவது, பெரியவர்கள் பொய் சொல்வார்கள், பயப்படுவார்கள், தோற்பார்கள் என்று தெரிவது. மூன்றாவது, தன்னாலேயே கெட்டது செய்ய முடியும் என்று தெரிவது. மூன்றும் மூன்று விதமான பொருளைக் கேட்கின்றன. சாவுக்கு, விட்டுச்செல்லப்பட்ட பொருள் வேண்டும்: ஒருவர் உடம்போடு ஒட்டியிருந்தது. பெரியவர்களின் பொய்க்கு, எதையாவது உள்ளே வைத்து மூடுகிற பொருள்: பை, பெட்டி, இழுப்பறை, உறை, கதவு. தன் குற்றத்துக்கு, குழந்தையின் கை அழித்த பொருள். இதை விதியாகச் சொல்லவில்லை. ஆனால் கதை நகராமல் நின்ற ஒவ்வொரு முறையும் நான் தப்பான வகைப் பொருளைக் கையில் வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

என் கதை ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன், அதன் தவறுகள் எனக்கு நன்றாகத் தெரியும். எட்டு வயதுச் சிறுமி. அம்மாவின் கைக்கடிகாரம் பழுது பார்க்கப் போயிருக்கிறது என்று அப்பா சொல்லியிருக்கிறார். உண்மையில் அடகு வைத்திருக்கிறார். சிறுமிக்கு அது தெரிய வருகிறது. கதை அவ்வளவுதான்.

முதல் வரைவில் நான்கு படிமங்களைப் போட்டிருந்தேன். நூல் அறுந்த பட்டம், தலை கழன்ற பொம்மை, ஜன்னலுக்கு வெளியே கறுத்து வரும் வானம், கடைசி வரியில் நிலைக்கண்ணாடியில் ஒரு விரிசல். மாதம் ஒருமுறை ஒருவர் கதையை ஒருவர் வாசித்துச் சொல்லும் சிறிய குழு எங்களுடையது. அதில் மூத்த தோழி ஒருவர் என் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார்: "இந்தப் பட்டத்தை இவள் எப்போது விட்டாள்?"

விடவே இல்லை. சோகம் வரும் நேரத்தில் அறுந்து விழுவதற்காகவே நான் அதை வானத்தில் ஏற்றியிருந்தேன். பொம்மையும் அப்படித்தான். அதற்கு ஒரு பெயர்கூட நான் வைக்கவில்லை. உடைவதற்கென்றே கதைக்குள் வரும் பொருள் வாசகருக்கு உடனே தெரிந்துவிடும். பறந்துபோகும் பலூன், வாடிய பூ, கூண்டைவிட்டுப் போன கிளி, திடீர் மழை எல்லாமே இந்த வகைதான். இவற்றை எழுதவே கூடாது என்பதில்லை. குழந்தையின் கை அதில் முன்பே பட்டிருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

பூவையே எடுத்துக்கொள்ளுங்கள், அதைவிடப் பழகிப்போன படிமம் வேறு கிடையாது. அமெரிக்க எழுத்தாளர் ஆலிஸ் வாக்கரின் 'பூக்கள்' என்ற மிகச் சிறிய கதை, 1973இல் வந்த அவருடைய தொகுப்பில் இருக்கிறது. மயோப் என்ற பத்து வயதுக் கறுப்பினச் சிறுமி காட்டுக்குள் பூப் பறித்துக்கொண்டே போகிறாள். ஓரிடத்தில் அவள் குதிகால் எதிலோ சிக்குகிறது. கிடப்பது ஒரு மனிதனின் எலும்பு. அங்கேயும் அவள் பறிப்பதை நிறுத்தவில்லை. பக்கத்திலேயே ஒரு காட்டு ரோஜா. அதைப் பறிக்கப் போகும்போதுதான் வேரைச் சுற்றி மக்கிக் கிடக்கும் கயிற்று வளையம் தெரிகிறது. மேலே மரக்கிளையில் அந்தக் கயிற்றின் மிச்சம். அந்த மனிதனைத் தூக்கிலிட்டுக் கொன்றிருக்கிறார்கள். மயோப் கையிலிருந்த பூக்களைக் கீழே வைக்கிறாள்.

கவனியுங்கள். பூ வாடவில்லை, மிதிபடவில்லை, கையிலிருந்து நழுவி விழவுமில்லை. அவள் வைக்கிறாள். காலையிலிருந்து பறித்துச் சேர்த்த கை முதல்முறையாகக் கீழே இறக்குகிறது. அது அஞ்சலியா, விளையாட்டு முடிந்ததன் அடையாளமா என்று கதை விளக்கவில்லை. இரண்டும் அந்த ஒரு அசைவில் இருக்கின்றன. இன்னொன்றும் உண்டு. மயோப் என்ற பெயரில் கிட்டப்பார்வை உள்ளவர் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல் ஒலிக்கிறது. கிட்டே இருப்பதை மட்டும் பார்த்து நடந்தவள் அந்தக் கிளையை அண்ணாந்து பார்க்கிறாள். பாட்டியின் கண்ணாடியை மாட்டித் திரிந்த எனக்கு இந்தப் பெயர் மறக்கவே மறக்காது.

என் கதைக்குத் திரும்புகிறேன். மூடிவைக்கும் பொருள் வேண்டும் என்று முடிவானதும் அப்பாவின் சட்டைப் பை கிடைத்தது. வேலை முடிந்து வரும் அப்பா குனிந்து பையைக் காட்டுவார். மகள் கையை விட்டு, அகப்பட்டதை எடுத்துக்கொள்வாள். பேருந்துச் சீட்டு, கட்டைப் பென்சில், ஒருநாள் ஒரு சட்டைப் பொத்தான். சீட்டுகளைச் சேர்த்துவைத்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக் கண்டக்டர் விளையாட்டு. இதுதான் பொருளின் முதல் வரவு.

முதல் வரவை எழுதுவதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பெரும்பாலோர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள், பின்னால் வரப்போகும் பெரிய காட்சிக்கு ஓடுகிறார்கள். முதல் வரவில் மகிழ்ச்சி முழுதாக இருக்க வேண்டும். 'அந்தப் பையில் ஏதோ ஒரு மர்மம் இருந்தது' என்று முன்கூட்டியே நிழல் விழவைத்தால் இழப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. குழந்தையின் அளவுகளால் எழுதுங்கள். பெரியவர்கள் பையைக் கண்ணால் பார்ப்பார்கள். குழந்தைக்கு அது முழங்கை வரை போகும் குகை. உள்ளே வியர்வை ஈரம், தையல் ஓரத்தில் சேர்ந்த பஞ்சு, மை கசிந்து விறைத்துப்போன ஒரு மூலை. குனியும் அப்பாவின் மூச்சு உச்சந்தலையில் படுகிறது. இப்படி உடம்பில் பதிந்த மூன்று நான்கு விவரங்களைச் சேமித்து வையுங்கள். பின்னால் அவற்றைத்தான் எடுத்துச் செலவழிக்கப் போகிறீர்கள்.

அடுத்தது கண்டுபிடிப்பு. இந்தப் பத்தியை மட்டும் ஏழெட்டு முறை மாற்றி எழுதினேன். முதலில் இருந்தது இது:

'அது ஒரு அடகுச் சீட்டு. அப்பா பொய் சொல்லியிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அவளுக்குள் ஏதோ ஒன்று நொறுங்கியது.'

எட்டு வயதுக் குழந்தைக்கு 'அடகு' என்ற சொல் தெரிந்திருக்காது. 'ஏதோ ஒன்று நொறுங்கியது' என்பது நான் வெளியிலிருந்து சொன்னது. அவள் கண் எதைப் பார்க்கும் என்று யோசித்தேன். கடைசியில் நின்ற வடிவம்:

'இன்றைக்குச் சீட்டு பெரியது. மஞ்சள் நிறம், நான்காக மடித்தது. பிரித்தாள். மேலே ஒரு முத்திரை, பாதிதான் பதிந்திருந்தது. அப்பாவின் பெயர் அப்பாவின் கையெழுத்தில் இல்லை. அதற்குக் கீழே, பெண்கள் கைக்கடிகாரம், 1. பட்டை கறுப்பு. இடப்பக்கம் கீறல். அந்தக் கீறல் அவள் போட்டது. அது இருப்பது அம்மாவுக்கே தெரியாது.'

அவளுக்குத் தெரிந்தது அந்தக் கீறல் மட்டுமே. மிச்சத்தை வாசகர் சேர்த்துக்கொள்வார். கண்டுபிடிப்பை எழுதும்போது துண்டு துண்டாகக் கொடுங்கள், கண்ணில் படும் வரிசையில், பெயர் வைக்காமல். வாக்கரும் அப்படித்தான் செய்கிறார்: முதலில் குதிகால், பிறகு பல் தெரியும் சிரிப்பு, பிறகு துணி, கொக்கிகள், ரோஜா, வளையம், கடைசியில் கிளை. 'கொலை' என்ற முடிவுக்கு வாசகர் தானாகவே வருகிறார். குழந்தைக்கு அரை நொடி முன்னால் வாசகர் அதைத் தெரிந்துகொள்வதுதான் இந்த மாதிரிக் கதைகளின் வலி. அந்த அரை நொடியில் நாம் அவளைத் தடுக்க நினைக்கிறோம், முடிவதில்லை.

உவமைகளில் இன்னும் கவனம் தேவை. குழந்தையின் பார்வையில் கதை போகும்போது குழந்தையின் உலகத்தில் இல்லாத ஒன்றை உவமையாகக் கொண்டுவந்தால், பின்னால் நிற்கும் எழுத்தாளர் தெரிந்துவிடுவார். 'பாலைவனம் போன்ற மௌனம்' என்று என் சிறுமி நினைக்க மாட்டாள். 'தேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது வகுப்பு இருப்பது போல வீடு இருந்தது' என்று நினைப்பாள். வளர்ந்தவர் தன் சிறுவயதை நினைத்துச் சொல்வதாக இருந்தால் கொஞ்சம் சலுகை உண்டு. வளர்ந்த சொற்கள் வரலாம். ஆனால் 'அப்போது எனக்குத் தெரியவில்லை, பின்னாளில்தான் புரிந்தது' என்ற வரியை நான் எங்கே பார்த்தாலும் அடித்துவிடுகிறேன். படிமம் சரியாக இருந்தால் அது தேவைப்படாது. தேவைப்பட்டால் படிமம் போதவில்லை.

ஒளியும் இருளும் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். எல்லோரும் கை வைக்கும் படிமம் இது. ஒளி என்றால் குழந்தைமை, இருள் என்றால் அறிவு என்று நேராகப் போட்டுவிடுகிறோம். அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'அராபி' சிறுகதை (1914இல் வந்த தொகுப்பில் உள்ளது) இதை எப்படிக் கையாள்கிறது என்று பாருங்கள். அதில் வரும் சிறுவனுக்குத் தொடக்கத்தில் இருட்டு பிடித்த இடம். குளிர்கால அந்தியில் தெருவில் விளையாடுகிறார்கள், நிழலில் ஒளிந்துகொள்கிறார்கள். நண்பனின் அக்காமீது அவனுக்கு மயக்கம். பாதிரியார் ஒருவர் இறந்துபோன அறையில், இருட்டில், மழைச்சத்தம் கேட்க நின்று, இவ்வளவு குறைவாகக் கண்ணுக்குத் தெரிவதற்கே நன்றி சொல்கிறான். அவளுக்காக ஏதாவது வாங்கிவருவதாகச் சொல்லிச் சந்தைக்குப் போகிறான். மாமா பணத்தோடு வரத் தாமதமாகிவிடுகிறது. போய்ச் சேரும்போது கடைகள் பெரும்பாலும் மூடிவிட்டன, கடைக்காரப் பெண் ஒருத்தி இரண்டு ஆண்களோடு வெட்டிப்பேச்சு பேசிக்கொண்டிருக்கிறாள். எதையும் வாங்காமல் நகர்கிறான். கூடத்தின் மேல்பகுதி இருண்டுவிடுகிறது. இருட்டை அண்ணாந்து பார்க்கும்போது அவனுக்குத் தன் வீண் பெருமை தெரிகிறது, கண் எரிகிறது.

அவனை மறைத்து வைத்திருந்த இருட்டுதான் கடைசியில் அவனைக் காட்டிக்கொடுக்கிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதை எப்போதோ மறந்துபோயிருக்கும். ஒளியை வைத்து எழுத நினைத்தால், முதலில் உங்கள் குழந்தை இருட்டை எதற்காக நேசித்தது என்று கேளுங்கள். போர்வைக்குள் இருட்டு, கட்டிலுக்கடியில் இருட்டு, கண்ணாமூச்சியில் கண்ணைப் பொத்திக்கொள்ளும் கையின் இருட்டு.

மூன்றாவது வகை, தன் குற்றத்தை அறியும் குழந்தை, எழுதுவதற்கு மிகவும் கடினமானது. காரணம், நமக்குக் குழந்தைமீது இரக்கம் வந்து, தவறைச் சின்னதாக்கிவிடுகிறோம். சுந்தர ராமசாமியின் 'ஸ்டாம்பு ஆல்பம்' கதையில் ராஜப்பா பொறாமையில் நாகராஜனின் ஆல்பத்தைத் திருடுகிறான், பயந்துபோய் அதை வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்துவிடுகிறான். பிறகு, அழுதுகொண்டு வரும் நாகராஜனிடம் தன்னுடைய ஆல்பத்தையே கொடுக்கிறான். ராஜப்பா ஒவ்வொரு ஸ்டாம்பாகத் தேடிச் சேர்த்த ஆல்பம் அது. அதன் விலை கதையின் முதல் பகுதியிலேயே நமக்குத் தெரிந்துவிட்டதால், அவன் அதைக் கொடுக்கும்போது மன்னிப்பு என்ற சொல்லே தேவைப்படவில்லை. முதல் வரவு எவ்வளவு முக்கியம் என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. இந்த வகைக் கதை எழுதுபவர்கள் தவறை முழு அளவில் நடக்க விடுங்கள். எரியும் சத்தம் கேட்கட்டும். குழந்தையைக் காப்பாற்ற ஒரு நல்ல எண்ணத்தை நடுவில் செருகாதீர்கள்.

இனி முடிவு. என் கதையில் அவள் சீட்டைப் படித்ததும் அம்மாவிடம் ஓடுவதாக எழுதியிருந்தேன். பிறகு அப்பாவைக் கேள்வி கேட்பதாக, பிறகு போர்வைக்குள் அழுவதாக. எதுவும் உட்காரவில்லை. அவள் கையில் என்ன இருக்கிறது என்று மறுபடி பார்த்தேன். நான்காக மடித்த ஒரு தாள். அதைப் பழைய மடிப்பின்மேலேயே, கோடு பிசகாமல், மடித்துப் பையில் திரும்ப வைக்கிறாள். அந்தக் கவனம் ஒரு குழந்தையின் கவனமே இல்லை. அதுவரை எடுக்க மட்டுமே தெரிந்த கை, பெரியவர்கள் மறைப்பதைப் போலவே மறைக்கிறது. அதை எழுதியபோது எனக்கே தொண்டை அடைத்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பை இன்னொரு முறை வர வேண்டும் என்று பட்டது. மறுநாள் சாயங்காலம் அப்பா வருகிறார், வழக்கம்போலக் குனிகிறார். அவள் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். அப்பா தானே விரலால் பையின் வாயைப் பிரித்துக் காட்டுகிறார், "இன்னிக்கு என்ன இருக்குன்னு பாரேன்". கதை அங்கே முடிகிறது. முதல் வரவிலேயே எழுதிவிட்ட மூச்சு, உச்சந்தலையில் படும் அதே மூச்சு, இங்கே இன்னொரு முறை வருகிறது. அதற்குப் பிறகு ஒரு பத்தி இருந்தது, அவள் என்ன உணர்ந்தாள் என்று. தோழி அதன்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தார், காரணம் எழுதவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

ஒரு பொருள் எத்தனை முறை வரலாம்? சிறுகதையில் மூன்று போதும். நான்காவது முறை வந்தால் வாசகர் அதைக் குறியீடு என்று அடையாளம் கண்டுகொண்டு, கதையைவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிடுவார். இரண்டாவது பொருள் ஒன்று ஆசையாக எட்டிப் பார்க்கும். அதை வேறு கதைக்கு எடுத்து வையுங்கள்.

வரைவை முடித்ததும் நான் செய்யும் ஒரு சோதனை உண்டு. இரண்டு நிறப் பென்சில் எடுத்துக்கொள்வேன். குழந்தை தொட்டது, முகர்ந்தது, கேட்டது, எண்ணியது இருக்கும் வரிகளுக்குக் கீழே பச்சை. குழந்தைக்குத் தெரிய வாய்ப்பில்லாத சொல்லோ முடிவோ இருக்கும் வரிகளுக்குச் சிவப்பு. கண்டுபிடிப்புப் பத்தியில் ஒரு சிவப்புக்கூட இருக்கக் கூடாது. இருந்தால் அந்த வரியைக் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து மறுபடி எழுதுவேன். பிறகு பொருள் வரும் இடங்களை மட்டும் தனித் தாளில் வரிசையாகப் பெயர்த்தெழுதி, நடுவில் உள்ள எதையும் படிக்காமல் அவற்றை மட்டும் வாய்விட்டு வாசிப்பேன். சட்டைப் பைக் கதையில் அந்தத் தாளில் இருப்பது மூன்றே வரி. கையை விட்டாள். மடித்து வைத்தாள். கால்களைச் சேர்த்து நின்றாள்.